இடப்பக்கக் கண்ணாடி

கன நாளாய் ஒண்டும் எழுதேல்லை. சோதனை, குளிர், பகுதிநேர வேலை எண்டு காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் பஞ்சி. இண்டைக்கு என்னைப் பிடிச்சு இருத்தினது ஒரு காரின்ர கண்ணாடி.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடியக்காலமை 3 மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்ட சித்தப்பா, ரெண்டு நிமிசத்தில திரும்பி வந்து என்ர அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, ரோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழ வா." போய்ப் பார்த்தால் காரின் இடப்பக்கக் கண்ணாடி ஒரு கேபிளில தொங்கிக்கொண்டு நிக்குது. கோது உடைஞ்சு, கண்ணாடி நொருங்கி ரோட்டில கிடக்குது. எங்கட தெரு ஒடுக்கம். இரவில போன ஏதோ ஒரு வான் உரசியிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு துண்டுகூட எழுதி வைக்கேல்லை.

சித்தப்பா அதை ரேப்பால சுத்திக் கட்டிப்போட்டு வேலைக்குப் போயிட்டார். றுவாசி விமான நிலையப் பக்கம் ஒரு சமையல்கூடத்தில வேலை, 4 மணிக்குத் தொடக்கம். அந்த நேரத்துக்குப் பொண்டியிலிருந்து போக எங்களுக்கு வசதியான ரயில் இல்லை. கார் இல்லாட்டி வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

காரைப் பற்றிச் சொல்லவேணும். 1996ஆம் ஆண்டு ரெனோ கிளியோ, கடும் நீலம். என்னைவிட ஏழு வயசு மூத்தது, அண்ணை எண்டுதான் கூப்பிடவேணும். வித்தால் 600 யூரோ கிடைச்சாலே பெரிய காரியம். அதோட இந்தக் கண்ணாடி உடைஞ்சதுக்குப் பன்னிரண்டாம் நாள் காருக்குக் கொந்ரோல் தெக்னிக். பிரான்சில 1992இல் கட்டாயமாக்கின பரிசோதனை அது. இப்ப நாலு வயசு கடந்த கார்களை ரெண்டு வருசத்துக்கு ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டவேணும். கட்டாயமாய் இருக்கவேண்டிய கண்ணாடி இல்லையெண்டால் அது பெரிய குறை. ரெண்டு மாதத்துக்குள்ள திருத்திக்கொண்டு திரும்ப வா எண்டு எழுதித் தருவினம். இங்க ரோட்டின் வலப்பக்கம் ஓடுறதால சாரதி இருக்கிற இடப்பக்கம்தான் முக்கியம். உடைஞ்சதும் அதேதான்.

முதல்ல ஒரு கராஜுக்குப் போனம். பேர் வேண்டாம். அவர் கணினியைத் தட்டிப்போட்டு, இந்த மொடலுக்குக் கம்பனி இப்ப அனுப்புறதில்லை எண்டார். பிறகு காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதுக்கு ஏன் காசு செலவழிக்கிறியள், குடுத்துப்போட்டு வேற எடுங்கோ எண்டார். சித்தப்பா அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை. வெளியில வந்து சிகரெட்டைப் பத்த வைச்சுப்போட்டு எனக்குச் சொன்னார்: "எங்கட அப்பாவின்ர ஏ-நாப்பது ஓடேக்க அதுக்கு வயசு நாப்பத்திரண்டு. இவன் என்ன இருவத்தொம்பதுக்கு அழுறான்."

லண்டனில இருக்கிற மாமி, அங்க மலிவாய்க் கிடக்குது, வாங்கி அனுப்பட்டோ எண்டு கேட்டா. அனுப்பலாம்தான். ஆனால் அங்க சாரதி வலப்பக்கம் இருக்கிறார். அவையின்ர இடப்பக்கக் கண்ணாடி பக்கத்தில இருக்கிறவற்ர கண்ணாடி. கோது பொருந்தினாலும் உள்ளுக்குத் தகட்டின் சரிவு வேற மாதிரி இருக்கலாம். சித்தப்பா வேண்டாம் எண்டிட்டார்.

பிறகு பொண்டியில ரயில் ஏறி மஜெந்தாவில இறங்கி, லாச்சப்பலுக்கு நடந்தம். போபூர் சென்தெனி தெருவில ஒரு தேத்தண்ணிக் கடை. அங்க பின்னேரங்களில ஒரு ஐயா இருப்பார். 1995 வரைக்கும் யாழ்ப்பாணத்தில கராஜ் வைச்சிருந்தவர். இங்க வந்து இருவது வருசம் உணவகத்தில கோப்பை கழுவினார். ஆனால் லாச்சப்பலில அவரைத் தெரிஞ்சவைக்கு அவர் இண்டைக்கும் மெக்கானிக்தான். உடைஞ்ச கோதைப் பையிலிருந்து எடுத்து மேசையில வைச்சம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிழைக்காது. கோது வேணும். கஸ்சுக்குப் போங்கோ, கட்டாயம் கிடைக்கும்." (கஸ் எண்டால் இங்க பழைய கார் உடைக்கிற இடம்.) பிறகு சிரிச்சார். "அந்த நாளில எங்களிட்டை வந்த கார் பாதிக்குக் கண்ணாடியே இல்லை. இருந்த கண்ணாடியில பாதி அலுமாரிக் கண்ணாடி."

அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால போனதுதான் மிச்சம் முழுக்க. ஐயாவோட மூண்டு பின்னேரம் இருந்தன், நானும் கொஞ்சம் தேடி வாசிச்சன்.

கண்ணாடி இல்லாத கார் எண்டது இப்ப எங்களுக்குக் குறையாய்த் தெரியுது. தொடக்கத்தில எல்லாக் காரும் அப்பிடித்தான். 1909இல் டொறதி லெவிற் எண்ட ஆங்கிலேயப் பெண், அந்தக் காலத்துப் பிரபல காரோட்டி, பெண்களுக்கான காரோட்டக் கையேடு ஒன்று எழுதினார். அதில் ஒரு சின்னக் கைக்கண்ணாடியைக் காரில் வைத்திருக்கச் சொல்கிறார். முகம் பார்க்கவும் உதவும், இடைக்கிடை தூக்கிப் பிடித்தால் பின்னால் வருகிறவனும் தெரிவான். 1911 மே 30இல் நடந்த முதலாவது இண்டியானாபொலிஸ் 500 ஓட்டப்போட்டியில் மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். றே ஹறூன் மட்டும் தனியாக, ஒரு கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு ஓடி வென்றார். குதிரை வண்டிக்காரன் ஒருவன் கண்ணாடி வைத்திருந்ததைப் பார்த்த ஞாபகத்தில் செய்ததாம். இதுவரை எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். எனக்குப் பிடிச்சது அடுத்த துண்டு. அந்த ஓடுபாதை செங்கல் பதித்தது. கண்ணாடி அதிர்ந்த அதிர்வில் தனக்கு ஒண்டுமே தெரியேல்லை எண்டு அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டாராம் :-)

உள்ளே ஒரு கண்ணாடி எண்ட பழக்கம் பிறகு மெதுவாய்ப் பரவினது. வெளிக்கண்ணாடி இன்னும் கன காலத்துக்கு மேலதிகச் சாமான்தான். 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியையும் செய்தவர். 1971 வரை கிட்டத்தட்ட 16 இலட்சம் கார் செய்தார்கள். அதில் கனக்க வெளிக்கண்ணாடி இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வந்தவை. வேணுமெண்டவன் கடையில் வாங்கி முன் மக்காட்டில் ஓட்டை போட்டுப் பூட்டினான். 1961 வரைக்கும் மைனருக்குத் திரும்புற விளக்கும் கிடையாது, கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியில் நீளும். அது வேலை செய்யாட்டி உன்ர கை.

இந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்கள்தான் இலங்கைக்கு, அதுவும் யாழ்ப்பாணத்துக்கு, டொக்ரர்மாரோடும் அப்புக்காத்துமாரோடும் வந்து சேர்ந்தவை. பிறகு ஹயர் கார் ஆனவை. ஏன் அவ்வளவு காலம் நிண்டு பிடிச்சவை? எங்கட ஆக்கள் பழசை விரும்புறவை எண்டு சிலர் எழுதுகினம். எனக்கு அதில நம்பிக்கை இல்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. 1970இலிருந்து 1977 வரைக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சியில் கதவு கிட்டத்தட்ட முழுக்கச் சாத்தியாச்சு. புதுசு வராட்டி பழசைத்தான் ஓட்டவேணும். அதுக்குக் காதல் எண்டு பேர் வைக்கிறது பிறகு வந்தவையின்ர வேலை.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. யப்பானிலிருந்து பாவிச்ச கார்கள் வந்தன. அவற்றில் கனக்க, கண்ணாடி கதவில் இல்லாமல் முன் மக்காட்டில் கொம்பு மாதிரி நிற்கும். வயசானவைக்கு ஞாபகம் இருக்கும். யப்பானில் 1983இல்தான் கதவில் கண்ணாடி பூட்ட அனுமதி குடுத்தவை. கொழும்பில உதிரிப்பாகம் எண்டால் பஞ்சிகாவத்தை. உடைஞ்ச கண்ணாடிக்குச் சோடி தேடி அங்க போனால் உன்ர காரில போன கிழமை களவு போனதையே உனக்கு விப்பினம் எண்டது தீவு முழுக்கத் தெரிஞ்ச பகிடி. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரரும் அங்க போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு ரயிலில வருவினமாம்.

அந்தப் போக்குவரத்து 1990 ஜூனில் நிண்டது.

ஜூனில் போர் திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்குப் போற சாமான்களுக்குத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகம், சீமெந்து எண்டு நீளுற பட்டியல். மின்சாரமும் போயிற்று. ஆனையிறவுப் பாதை பூட்டு, கிளாலிக் கடலேரியில் வள்ளத்தில்தான் போக்குவரத்து. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாய் வந்தது. அப்ப காரும் மண்ணெண்ணெயில் ஓடவேணும்.

அதை ஏதோ எங்கட ஊர் மந்திரம் மாதிரி எழுதுறவை இருக்கினம். ஐயா சொன்னது வேற. பழைய பிரிட்டிஷ் எஞ்சினுக்கு அமுக்கம் குறைவு, அதால மண்ணெண்ணெயைத் தாங்கும். இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டர்களே அப்பிடி ஓடினவை. 1949இலிருந்து மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கெண்டே ஒரு மொடல் செய்தார்கள். பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடானதும் மற்ற எண்ணெய்க்கு மாத்துறது. யாழ்ப்பாணத்தில் அந்தத் தொடக்கப் பெற்றோல் ஒரு சின்னப் போத்தலுக்குள்ள இருந்தது. காபரேற்றருக்குள்ள கொஞ்சம் விட்டு, எஞ்சின் பிடிச்சதும் மண்ணெண்ணெய். புகை, மணம், கண்ணெரிவு. பிளக் கரி பிடிச்சுப் போகும், கழற்றித் தேய்ச்சுத் திரும்பப் பூட்டவேணும். மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கி ஒயில் தண்ணியாய்ப் போகும். "புது யப்பான் கார் எல்லாம் வீட்டில படுத்திட்டுது. ஓடினது கிழவனுகள்தான்" எண்டார் ஐயா.

சரி, கண்ணாடி? உடைஞ்சால் புதுசு இல்லை. உடைஞ்ச அலுமாரிக் கண்ணாடி, சலூன் கண்ணாடி, எது கிடைச்சாலும் கண்ணாடி வெட்டுறவனிட்டைக் குடுத்து வட்டமாய் வெட்டி, பழைய கோதுக்குள்ள வைச்சு, ரியூப் றப்பரைக் கீறி ஓரத்தில இறுக்கிறது. இதில ஒரு நுட்பம் இருக்கு. அலுமாரிக் கண்ணாடி சமதளம். இப்பத்தைய காரில பெரும்பாலும் வெளிக்கண்ணாடி குவிவு, ஆள் சின்னனாய்த் தெரிவார், ஆனால் அகலமாய்த் தெரியும். (அமெரிக்காவில பயணிப் பக்கக் கண்ணாடியில, பொருட்கள் தெரியிறதைவிடக் கிட்ட நிக்குது எண்டு எச்சரிக்கை எழுதியிருக்கிறது இதாலதான்.) சமதளக் கண்ணாடியில தூரம் சரியாய்த் தெரியும், ஆனால் தெரியிற இடம் ஒடுக்கம். "பின்னால வாற சைக்கிள்காரன் தெரியமாட்டான். ஆனா அப்ப ரோட்டில சைக்கிள் மட்டும்தானே" எண்டு சொல்லிச் சிரிச்சார்.

நான் கேட்டன், பிறகேன் ஐயா அவ்வளவு மினக்கெட்டுப் பூட்டினனீங்கள்? உடன பதில் வரேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சார். "கார்க்காரன் கொண்டுவந்து தந்தா பூட்டத்தானே வேணும். கண்ணாடி இல்லாத கார் பேய் மாதிரி இருக்கும் தம்பி."

இனித்தான் நான் எழுத வந்த விசயம்.

அந்த வருசங்களில் பிரான்சில என்ன நடந்தது எண்டு தேடினன். 1994 பெப்ரவரியில் பிரதமர் பலதூரின் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 10 வயசு கடந்த காரை உடைக்கக் குடுத்துப் புதுசு வாங்கினால் 5000 பிராங். சனம் அதுக்கு பலதூரெத் எண்டு செல்லப்பேர் வைச்சது. அது 1995 ஜூனில் முடிய, ஒக்ரோபரில் அடுத்த பிரதமர் யூப்பேயின் திட்டம். இப்ப 8 வயசு போதும், காரின் அளவைப் பொறுத்து 5000 அல்லது 7000 பிராங். அதுக்கு யூப்பெத். (பிரெஞ்சில சின்னப் பாவாடைக்கும் அதுதான் பேர். பகிடிக்குக் குறைச்சல் இல்லாத சனம்.) கார்க் கம்பனிகளின் விற்பனை படுத்துக் கிடந்ததால் அதை எழுப்பச் செய்த வேலை. ஓடக்கூடிய கார்களும் அழுத்தித் தகடாகப் போயின.

அதே தீவில, தடை இல்லாத பக்கத்தில இன்னொண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்தின சார்ல்ஸ் வெயர் எண்டவர், காரைத் தூக்கி எறியாமல் பாகம் பாகமாய் மாத்தி மாத்திக் காலம் முழுக்க ஓட்டலாம் எண்டு வாதாடினவர். அதுக்கெண்டே 1982இல் ஒரு புத்தகமும் எழுதினவர். அவற்ற ஆக்கள் 1990களில் இலங்கையில் மொறிஸ் மைனர் பாகங்கள் செய்விச்சு இங்கிலாந்துக்கு எடுத்தார்கள். அந்தக் காரைச் செய்து முடிச்சு இருவது வருசத்துக்குப் பிறகும் அதுக்குத் தகடு வளைக்கத் தெரிஞ்ச கை இலங்கையில இருந்தது. கொழும்புத் துறைமுகத்தால பாத்துக்குப் போகக்கூடிய மைனர்த் தகடு யாழ்ப்பாணத்துக்குப் போக ஏலாது.

இதை ஐயாவுக்குச் சொன்னன். அவருக்கு அது தெரியாது. "உண்மையாவோ?" எண்டு ரெண்டு தரம் கேட்டார்.

யூப்பெத் தொடங்கின அதே ஒக்ரோபரின் கடைசியில், 30ஆந் திகதி, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு. நல்ல மழை. நான் பிறக்கேல்லை, ஆனால் எங்கட வீட்டில அந்த இரவைச் சொல்லாத வருசம் இல்லை. சித்தப்பாவுக்கு அப்ப பத்தொன்பது வயசு. அப்பப்பாவின்ர ஏ-40இல அப்பப்பாவும் அப்பாச்சியும் பக்கத்து வீட்டுக் கிழவியும் ரெண்டு ஆடும். சித்தப்பா ஓடேல்லை, பின்னால நிண்டு தள்ளினவர். எஞ்சினைப் போட்டால் மண்ணெண்ணெய் முடிஞ்சிடும், போடாட்டி நகராது. சனத்துக்குள்ள அது ஒரு அடி, பிறகு நிக்கும், பிறகு ஒரு அடி.

ஐயாவும் அதே ரோட்டில, வேற ஒரு மொறிசில. அவர்தான் ஓட்டினவர். தான் வெட்டிப் பூட்டின அலுமாரிக் கண்ணாடி அதில இருந்ததாம். பின்னால என்ன தெரிஞ்சது எண்டு கேட்டன். நான் என்ன எதிர்பார்த்தனோ தெரியாது.

"ஒண்டும் தெரியேல்லை. மழை. பிறகு ஒருத்தன்ர கை பட்டு அது மடங்கிப் போச்சு. நிமித்த இடமில்லை, அவ்வளவு சனம்."

அந்த ஏ-40 கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு வளவில நிண்டது. அடுத்த வருசம் அப்பப்பா ஆக்கள் திரும்பிப் போனபோது கார் அங்க இல்லை. அதைப் பற்றி அவர் பெரிசாய்க் கதைக்கிறதில்லை. மனிசர் தப்பின இடத்தில கார் என்ன எண்டு ஒரு கூச்சம். 2002இல் போர்நிறுத்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவை யாழ்ப்பாண ரோட்டில ஓடுற மொறிசையும் கேம்பிறிட்ஜையும் நிண்டு படம் எடுத்தவை. பழங்காலப் பொருட்காட்சி மாதிரி இருக்கு எண்டவை. 2020 மார்ச்சில் இலங்கை முழுக்க வாகன இறக்குமதியை நிப்பாட்டினபோது, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறக்கும் வரைக்கும், தெற்கிலயும் பழைய கார் தங்கமாய்ப் போச்சு. அதை யாரும் பொருட்காட்சி எண்டு சொல்லேல்லை.

பிரான்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில இன்னொரு பழைய கணக்கு இருக்கு. ஒரு காலத்தில் நல்ல கண்ணாடி எண்டால் வெனிசுதான். செய்முறை ரகசியம், தொழிலாளி ஊரை விட்டுப் போனால் தண்டனை. 14ஆம் லூயியின் மந்திரி கொல்பேர், காசைக் காட்டி அங்கிருந்து ஆட்களைக் கடத்தாத குறையாய்க் கூட்டிவந்து 1665இல் பரிசில் அரச கண்ணாடித் தொழிலகத்தைத் தொடக்கினார். வெர்சாய் மாளிகையில் 1678க்கும் 1684க்கும் இடையில் கட்டின கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடியும் அந்தத் தொழிலகத்தின் வேலை. அதிலிருந்து வளர்ந்ததுதான் சென்கோபேன் கம்பனி. 2000ஆம் ஆண்டிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலும் கண்ணாடி வார்க்கிறார்கள். அடுத்தவன்ர தனியுரிமையை உடைச்சுத் தொடங்கின நாடு, தன்ர கார்க் கம்பனிகளுக்கு அதைவிட இறுக்கமாய் ஒண்டைக் குடுத்தது. பம்பர், மக்காட்டு, விளக்கு, கண்ணாடிக் கோது எண்டு வெளியில தெரியிற பாகங்களின் வடிவத்துக்கு 25 வருசம் வரைக்கும் காப்புரிமை. கம்பனி தவிர வேற ஆள் செய்து விக்க ஏலாது. 2021 ஓகஸ்ட் 22ஆந் திகதிச் சட்டம் அதைக் கொஞ்சம் தளர்த்தி 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. தகட்டுக் கண்ணாடியை ஆரும் செய்யலாம். மற்றப் பாகங்களை, கம்பனிக்கு முதலில் செய்து குடுத்தவனும் தன் பேரில் விக்கலாம், மற்றவை 10 வருசம் பொறுக்கவேணும். எங்கட கிளியோ அந்த வழக்குக்கெல்லாம் வயசு கடந்தது. அதுக்கு ஆரும் செய்யலாம், ஆனால் ஆர் மினக்கெடுவினம்?

ஆனால் இன்னொரு விதி எங்களுக்கு உதவிச்சுது. 2017 ஜனவரியிலிருந்து, திருத்தக் கொண்டுவாற ஆளுக்கு, பாவிச்ச பாகம் போடலாம் எண்ட தெரிவைக் கராஜ்காரர் குடுக்கவேணும். சட்டமே சொல்லுது. முதல் போன கராஜில அதைச் சொல்லேல்லை. எனக்கும் அப்ப தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் என்ர பிரெஞ்சில சண்டை பிடிச்சிருப்பனோ தெரியாது :-(

சனிக்கிழமை கஸ்சுக்குப் போனம், ஐயாவும் வந்தார். சேறு, ஒண்டுக்கு மேல ஒண்டாய் அடுக்கின கார்கள். கிளியோ மட்டும் ஆறு நிண்டது. ஐயா கையைப் பின்னால கட்டிக்கொண்டு ஒவ்வொண்டாய்ப் பார்த்துக்கொண்டு போனார், ஆஸ்பத்திரி வாட்டில நடக்கிற பெரிய டொக்ரர் மாதிரி. மூண்டுக்கு இடப்பக்கம் உடைஞ்சு கிடந்தது. ஒண்டு மின்சாரத்தில திரும்புறது, எங்கட காருக்கு வயர் இல்லை. அஞ்சாவதில இருந்தது. கையால திருப்புற தடி, கேபிள், எல்லாம் முழுசாய். நிறம் மட்டும் சிவப்பு.

"சிவப்பு பரவாயில்லையோ?" எண்டு ஐயா சித்தப்பாவைக் கேட்டார்.

"தெரியவேணும், அவ்வளவுதான் அண்ணை."

15 யூரோ. அங்கயே நிண்டு பூட்டினம். கதவின்ர உள் மூலையில் ஒரு முக்கோண பிளாஸ்டிக் மூடி, அதை நெம்பினால் உள்ளுக்குத் திருகுகள். பழைய திருகு ஒண்டு துருப்பிடிச்சு அசையேல்லை. நான் பலத்தைக் குடுக்கப் போக, ஐயா கையைத் தட்டிவிட்டார். ஒரு துளி எண்ணெய் விட்டு, திருப்புளியின்ர பிடியில ரெண்டு தட்டுத் தட்டி, கொஞ்ச நேரம் நிண்டு குளிரில கையைத் தேய்ச்சுக்கொண்டிருந்தார். பிறகு திருப்பினார், வந்திட்டுது. புதுசை வைச்சுத் திருகை இறுக்கேக்க ஒண்டையும் முழுக்க இறுக்கவிடேல்லை. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமாய், சுத்திச் சுத்தி. இல்லாட்டிக் கோது வெடிச்சிடுமாம். மொத்தம் இருவது நிமிசம்.

பிறகு சித்தப்பாவை உள்ளுக்கு இருத்திப்போட்டுத் தான் காருக்குப் பின்னால போய் நிண்டார். "தெரியிறனோ?" சித்தப்பா தடியைத் திருப்பினார். "தலை மட்டும்." "இப்ப?" "இப்ப சரி." ஐயா ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நிண்டார். "இப்ப?" "தெரியிது." இன்னொரு அடி. இன்னொண்டு. சேத்துக்குள்ள அவர் தள்ளித் தள்ளிப் போக, சித்தப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே, தெரியிது, தெரியிது எண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

கொந்ரோலில சின்னக் குறை ரெண்டு எழுதினவை. ஒரு விளக்கு மங்கல், பின் ரயர் தேஞ்சிட்டுது. கண்ணாடியின்ர நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.